குருவிக்குக் கிளை உண்டு, தேரைக்கு?

கேள்வி: டான்சானியாவில் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு தேரைக்காகக் குழாய் போட்டுத் தண்ணீர் தெளித்தார்களாமே! எங்கள் வீட்டு முருங்கையில் தினமும் பாடும் கொண்டைக்குருவிக்கு யாரும் காலணா செலவழித்ததில்லை. அழகும் பாட்டும் இல்லாத தேரைக்கு மட்டும் ஏன் இத்தனை உபசாரம்?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: முருங்கை முறிந்தால் உங்கள் கொண்டைக்குருவி பக்கத்து வீட்டுச் செம்பருத்திக்குப் போய்விடும். அதன் உறவுக்குருவி ஒன்று டான்சானியாவிலும் ஊருக்கு ஊர் இருக்கிறது. நன்றாக இருக்கட்டும், எனக்கும் பிடித்த குருவிதான்.

கிஹான்சி தேரைக்குப் போக வேறு இடம் கிடையாது. உலகத்திலேயே அது வாழ்ந்தது உட்சுங்வா மலையில், கிஹான்சி அருவியடியில், சாரல் நனைக்கும் சில ஏக்கரில் மட்டும். நீங்கள் தென்காசிக்காரர், சாரல் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். குற்றாலத்தில் ஆனி, ஆடியில் முகத்தில் அடிக்கிறதே, அது அங்கே வருடம் முழுக்க. 1996இல்தான் அந்தத் தேரையைக் கண்டுபிடித்தார்கள். 2000இல் மின்சாரத்துக்காக அணை கட்டி, ஆற்று நீரில் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் திருப்பிவிட்டார்கள். சாரல் போயிற்று. நீங்கள் உபசாரம் என்கிற அந்தக் குழாய்கள், மனிதர் நிறுத்திய சாரலில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கப் போட்டவை. உபசாரம் என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். அது பட்ட கடன்.

குழாய் மட்டும் போதவில்லை. 2003இல் கூட்டம் கூட்டமாகச் செத்தன; பூஞ்சை நோயும் அங்கே பரவியிருந்தது. 2009இல் காட்டில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். நல்ல வேளையாக, அணை வந்த சமயத்தில் 499 தேரைகளை அமெரிக்க உயிரியல் பூங்காக்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கும் வளர்க்கும் விதம் பிடிபடுவதற்குள் நூறுக்கும் கீழே வந்துவிட்டன. அப்புறம் மெல்லப் பெருகி, 2012இல் அவற்றின் வாரிசுகள் அருவியடிக்குத் திரும்பின.

சரி, அழகுக்கு வருவோம். அது கடுகு மஞ்சள் நிறம். மற்ற தேரைகளில் பெரும்பாலானவை தண்ணீரில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். இது குட்டி போடுகிறது. சினையாக இருக்கும் தாயின் வயிற்றுத்தோல் கண்ணாடித்தாள் போல மெல்லியது. உள்ளே சுருண்டு கிடக்கும் குட்டிகள் வெளியிலிருந்தே தெரியும்.