மானம் பஸ் ஏறிய நாள்

கேள்வி: லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்ததும் பழக்கதோஷத்தில் "இறக்கம், இறக்கம்!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது, பேரன் என்னைத் தெரியாதவன் மாதிரி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்கு முன் ஏறும்போது சாரதியிடம் ஐந்து பவுண் நோட்டை நீட்ட, அவர் தலையாட்டி மறுத்தது வேறு. மறுபடி வரச்சொல்கிறாள். பஸ்ஸை நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, உவர்மலை

பதில்: அம்மா, இத்தனை வருசம் நிலாவெளி பஸ்ஸில் போய்வந்த வாய் லண்டன் போனதும் சும்மா இருக்குமா? அங்கே கம்பிகளில் சிவப்புப் பொத்தான் இருக்கும், ஒருதரம் அமத்தினால் போதும். நோட்டைப் பற்றியும் கவலைப்படாதீர்கள், 2014 ஜூலையிலிருந்து லண்டன் பஸ்களில் யாரிடமும் காசு வாங்குவதில்லை, அட்டையோ போனோதான்.

என் கதையைக் கேட்டால் உங்கள் கூச்சம் பறந்துவிடும். நானும் மனைவியும் அங்கே போயிருந்தோம், இரண்டு பேருக்கும் வங்கி அட்டை ஒன்றுதான். நான் அதை ஏறும் வாசலில் இருக்கும் மெசினில் தட்டிவிட்டு உள்ளே போய், கொண்டக்டருக்கு இரண்டு பேர் காசைச் சேர்த்துக் கொடுக்கிற நினைப்பில், பின்னால் நின்றவளிடம் அட்டையை நீட்டினேன். அவள் தட்டினாள், மெசின் கீச்சிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டியது, மறுபடி தட்டினாள், மறுபடி சிவப்பு. பின்னால் வரிசை. சாரதி ஏதோ சொல்கிறார், எனக்கு விளங்கவில்லை. "இஞ்சாருங்க, என்னை விட்டுட்டுப் போகப்போறீங்களா?" என்று அவள் வாசலில் நின்று கேட்டது விளங்காதவர்களுக்கும் விளங்கியிருக்கும்! ஒரு அட்டையில் ஒருவர்தான் போகலாம் என்று பிறகுதான் தெரிந்தது. ஆளுக்கொரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மகளிடம் ஆய்ஸ்டர் என்கிற, காசு ஏற்றிப் பாவிக்கும் லண்டன் பயண அட்டை ஒன்று எடுத்துத் தரச்சொல்லுங்கள்.

இன்னொன்று, பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும், சுரங்க ரயிலில் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். டிஎல்ஆர் என்று லண்டனில் ஓடும் இலகு ரயிலில் பல நிலையங்களில் வாயிற்கதவே கிடையாது, கம்பத்தில் மஞ்சள் வட்டம் மட்டும் இருக்கும், கதை பேசிக்கொண்டு தாண்டிப் போனால் உச்சக் கட்டணத்தைப் பிடித்துவிடுவார்கள். போனில் தட்டி உள்ளே போய் அட்டையில் தட்டி வெளியே வந்தாலும் இதே வினைதான், இரண்டு தனிப் பயணம் என்று கணக்காகிவிடும்.

பஸ்ஸை மறிக்கக் கை காட்டுவது மட்டும் நம் ஊர் மாதிரியேதான். அதைத் தைரியமாகச் செய்யுங்கள்.

கேள்வி: சுவிஸில் ரயில் நின்றும் கதவு திறக்கவில்லை. அடுத்த நிலையத்தில், வேறொருவர் திறந்தபோதுதான் இறங்கினேன். என் பிழையா?
- வாசகர், உப்புவெளி

பதில்: கதவிலேயோ பக்கத்திலேயோ பொத்தான் இருந்திருக்கும், அதை நீங்கள்தான் அமத்த வேண்டும். திருகோணமலையிலிருந்து கொழும்புவரை திறந்த கதவோடு ஓடுகிற ரயிலில் பழகிய நாம் பொத்தானை எங்கே தேடுவது!