மத்தியான வெயிலை ராத்திரிக்கு எடுத்து வைக்கலாமா?

மின்சாரம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ‘ஃபியூஸ் தாத்தா’ பதில் சொல்கிறார். இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சோலார், பேட்டரி பற்றியே இருந்தன.

கே: எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். போன வாரம் காலை பதினொரு மணிக்கு மின்தடை. வெளியே வெயில் கொளுத்துகிறது, வீட்டுக்குள் மின்விசிறி ஓடவில்லை. எங்களை ஏமாற்றிவிட்டார்களா?
– ஒரு வாசகி, விருதுநகர்

ஏமாற்றவில்லை அம்மா. விற்கும்போது இதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் இருப்பது மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர். லைனில் மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால் உங்கள் மாடி மின்சாரம் தெருக் கம்பிக்குள் போகும். லைனை நிறுத்திவிட்டோம் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் வயர்மேன் என்ன ஆவார்? என் பணிக்காலத்தில் இப்படி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் மின்சாரத்துக்கு, ஜெனரேட்டர் வைத்திருந்த கல்யாண மண்டபங்களைக் கண்டுதான் பயப்படுவோம். இப்போது ஒவ்வொரு மாடியும் ஒரு மின்நிலையம். மின்தடையிலும் மின்விசிறி ஓட வேண்டுமானால் பேட்டரியும், அதோடு பேசத் தெரிந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் வேண்டும்.

கே: சூரியன் மறைந்தால் சோலார் பூஜ்யம். ஆனால் பேட்டரி வந்துவிட்டால் அனல் மின்நிலையங்களை எல்லாம் மூடிவிடலாம் என்கிறான் என் மகன். எவ்வளவு உண்மை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

உங்கள் மகன் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார், ஐயா.

மின்தொகுப்பை, அதாவது மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையை, நடத்துகிறவர்களுக்கு நள்ளிரவு பெரிய தலைவலி இல்லை. ஊர் தூங்கிவிடும். தலைவலி மாலை ஆறிலிருந்து பத்து மணி வரை. சூரிய மின்சாரம் சரசரவென்று இறங்குகிற அதே நேரத்தில் விளக்கு, தொலைக்காட்சி, ஏசி எல்லாம் ஏறும். இறங்குகிற கோடும் ஏறுகிற கோடும் சேர்ந்து உண்டாக்கும் பள்ளத்தைச் சில மணி நேரத்துக்குள் வேறு மின்சாரத்தால் நிரப்ப வேண்டும். அனல் மின்நிலையத்தை அப்படிச் சட்டென்று எழுப்ப முடியாது. குளிர்ந்த கொதிகலனைச் சூடேற்றவே பல மணி நேரம் ஆகும்.

இந்தச் சிக்கலை முதலில் பெரிதாக அனுபவித்தது அமெரிக்காவின் கலிபோர்னியா. அங்கே, சூரிய மின்சாரம் போக மீதித் தேவையைக் காட்டும் கோட்டின் வடிவத்துக்கு ‘வாத்து வளைவு’ என்று பெயர். பகலில் தொங்கும் வயிறு, மாலையில் நிமிரும் கழுத்து. 2019இல் அந்த மாநிலத்தில் ஆயிரம் மெகாவாட்டுக்கும் குறைவான பேட்டரிதான் இருந்தது. 2024இல் அது பத்தாயிரத்தைத் தாண்டியது. 2024 ஏப்ரல் 16 அன்று மாலை, 6,000 மெகாவாட்டுக்கு மேல் பேட்டரியிலிருந்து வந்தது. எரிவாயு, நீர், அணு எல்லாவற்றையும் முந்திக்கொண்டு பேட்டரி முதலிடத்தில் நின்றது அன்றுதான் முதல் தடவை. மத்தியானத்தில் மிஞ்சிய வெயிலை இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளி வைத்தார்கள். பேட்டரிக்குத் தெரிந்த வேலை இதுதான். அதைப் பிரமாதமாகச் செய்கிறது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். செய்தித்தாள்களில் ‘100 மெகாவாட் பேட்டரி’ என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மெகாவாட் என்பது குழாயின் அகலம். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதை மெகாவாட் மணி என்ற இன்னொரு எண்தான் சொல்லும். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ்டவுன் அருகே 2017 இறுதியில் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி வந்தபோது அது 100 மெகாவாட், 129 மெகாவாட் மணி. முழு வேகத்தில் திறந்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். அப்படியானால் எதற்கு அத்தனை ஆரவாரம்? 2016 செப்டம்பரில் புயலடித்துத் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலமே இருளில் மூழ்கியிருந்தது. எங்காவது ஒரு மின்நிலையம் திடீரென்று விழுந்தால், மின்சாரத்தின் துடிப்பு வேகமான அதிர்வெண் சரியும். அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு நொடிக்குள் கைகொடுக்கும் ஆள் வேண்டும். பேட்டரி அந்த ஆள். மேகம் கடந்து போகும்போது சூரியப் பண்ணையில் ஏற்படும் தள்ளாட்டத்தையும் அதுவே சமாளிக்கும்.

அனல் நிலையங்களை எல்லாம் மூடுவது பற்றிக் கேட்டீர்கள். அதற்கு அடுத்த கடிதத்தின் பதிலைப் படியுங்கள்.

கே: ஐப்பசி, கார்த்திகையில் நான்கு நாள் அடைமழை பிடித்தால் பேட்டரி என்ன செய்யும்?
– ஒரு வாசகர், சீர்காழி

கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். இன்றைய பெரிய பேட்டரிகள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு அமைக்கப்படுபவை. நான்கு நாளுக்குச் சேமிக்கப் போனால், வருடத்தில் சில நாள் மட்டுமே வேலை செய்யும் பேட்டரிக்கு வருடம் முழுவதும் வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் மே முதல் செப்டம்பர் வரை நம் காற்றாலைகளைச் சுழற்றித் தள்ளும். அப்போது வெயில் மங்கினாலும் பாதகமில்லை. வடகிழக்குப் பருவமழையில்தான் காற்றும் குறைவு, வெயிலும் குறைவு. அந்த வாரங்களுக்கு நீர் மின்சாரமும், பிற மாநிலங்களிலிருந்து வரும் லைன்களும், சொல்லக் கசந்தாலும் நிலக்கரியும் இன்னும் சில காலம் வேண்டும்.

கே: லித்தியம் பேட்டரி வருவதற்கு முன் நம்மிடம் மின்சாரச் சேமிப்பே கிடையாதா?
– கல்லூரி மாணவி, உடுமலைப்பேட்டை

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தாயே! ஆனைமலையில் காடம்பாறை. 400 மெகாவாட், நூறு நூறாக நான்கு இயந்திரம், மலைக்குள் குடைந்த மின்நிலையம். 1980களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு நீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள், தேவை ஏறும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். நான்கு யூனிட் செலவழித்தால் மூன்று யூனிட் போலத் திரும்பும். லித்தியத்தில் இழப்பு இதைவிடக் குறைவு. ஆனால் அணை பல தலைமுறை நிற்கும், லித்தியம் ஒரு தலைமுறைகூடத் தாங்காது. அந்தக் காலத்தில் ராத்திரிதான் மின்சாரம் மிஞ்சியது. சோலார் வந்தபின் நண்பகலிலும் மிஞ்சுகிறது.

கே: வீட்டுக்கு 5 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரி வாங்கலாமா? எங்கள் தெருவில் மாதத்தில் இரண்டொரு முறைதான் மின்தடை.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம். ஒன்றரை கிலோவாட் இழுக்கும் ஏசியை அதில் ஓட்டினால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். விளக்கும் மின்விசிறியும் மட்டும் என்றால் இரவு முழுக்க வரும். அதற்குப் பழைய சாதாரண இன்வெர்ட்டரே போதும். உங்களுக்கு நெட் மீட்டர் (வாங்கும் மின்சாரத்தையும் கொடுக்கும் மின்சாரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் மீட்டர்) இருந்தால் பகலில் மிஞ்சுவதை மின்வாரியம் ஏற்கெனவே உங்கள் கணக்கில் வரவு வைக்கிறது. பேட்டரி துணைமின்நிலையத்தில் இருந்தால் ஊருக்கே உதவும், உங்கள் மாடிப்படிக்கு அடியில் இருந்தால் தூசிதான் படியும். தினமும் மணிக்கணக்கில் மின்தடை உள்ள ஊர்க்காரர் கேட்டிருந்தால் என் பதில் வேறு.

கே: வெடிக்குமா?
– ஒரு வாசகி, சேலம்

தீப்பிடிக்கலாம். 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் ஒரு கட்டடம் நிறையப் பேட்டரி எரிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை. வீட்டுக்கு வாங்கினால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். அது எளிதில் கொதித்துத் தறிகெட்டுப் போகாது. படுக்கையறையிலும், நேரடி வெயில் படும் மொட்டைமாடியிலும் வைக்காதீர்கள். நம் ஊர்ச் சூடு பேட்டரியின் ஆயுளை அறுக்கும்.

கே: ஆயுள் முடிந்த பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போடலாமா?
– ஒரு வாசகர், திருப்பத்தூர்

கூடவே கூடாது. அவர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். 2022ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகளின்படி, பழைய பேட்டரி சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போவதற்குத் தயாரிப்பாளரே பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.