கேம்களை எஸ்எஸ்டிக்கு மாற்றினால் எஃப்பிஎஸ் ஏறுமா?

கேள்வி: என் கணினியில் விண்டோஸ் 500 ஜிபி எஸ்எஸ்டியில் இருக்கிறது. கேம்கள் எல்லாம் 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில். அவற்றை எஸ்எஸ்டிக்கு மாற்றினால் எஃப்பிஎஸ் ஏறுமா? எல்லாவற்றுக்கும் இடம் போதாது, எதை முதலில் மாற்றுவது?

எஃப்பிஎஸ் ஏறாது. விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் வரையலாம் என்பதைக் கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும்தான் தீர்மானிக்கின்றன. நீங்கள் இப்போது 60 பார்க்கிறீர்கள் என்றால், எஸ்எஸ்டிக்கு மாற்றிய பிறகும் சராசரி 60 பக்கத்தில்தான் நிற்கும். ஆனாலும் மாற்றுங்கள் என்றே சொல்வேன். அந்தச் சராசரி எண் காட்டாத ஒன்று இருக்கிறது, ஆடும்போது அதுதான் நம்மை அதிகம் படுத்துகிறது.

ஹார்ட் டிஸ்க்குக்குள் நடப்பதைப் பாருங்கள். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லி விநாடி ஆகும். படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அப்புறம் வேண்டிய இடம் சுற்றி அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து சராசரியாக 12, 13 மில்லி விநாடி. அதாவது அங்கங்கே சிதறிக் கிடக்கும் கோப்புகளை விநாடிக்கு ஏறக்குறைய 80 தடவைதான் போய் எடுக்க முடியும். ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படித்தால் 150 முதல் 200 எம்பி வேகம் தரும் அதே டிஸ்க், 4 கேபி துண்டுகளாகத் தேடி எடுக்கச் சொன்னால் விநாடிக்கு 1 எம்பிகூடத் தேறாது. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. அதில் ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும்.

கதவு, அறை, அடுத்த லெவல் என்று பிரித்து வைத்த பழைய பாணி கேம்களில் இதனால் பெரிய பாதகமில்லை. லோடிங் திரை கொஞ்சம் அதிக நேரம் நிற்கும், அவ்வளவுதான். லெவல் பிரிவே இல்லாமல் முழு நகரத்திலும் இஷ்டம்போல் சுற்றவிடும் ஓப்பன் வேர்ல்டு கேம்கள் அப்படியல்ல. நீங்கள் காரில் பறக்கும்போது எதிரே வரும் தெருவை அந்த நேரத்தில்தான் டிஸ்க்கிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கும். டிஸ்க் பின்தங்கினால் கட்டடச் சுவர் களிமண் உருண்டை மாதிரி மங்கலாக நின்று, கண் முன்னாலேயே மெல்லத் தெளியும். சில கேம்கள் டேட்டா வரும்வரை அப்படியே ஒரு கணம் உறைந்து நிற்கும். சராசரி 60 என்று காட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் திருப்பத்தில் காரை ஒடிக்கிற அந்தக் கணத்தில் திரை திக்கும். என் கணினியில் எஸ்எஸ்டி போட்டபோது எஃப்பிஎஸ் கவுண்டரில் ஒரு மாற்றமும் இல்லை. நகரத்துக்குள் வேகமாக ஓட்டும்போது வந்த திக்கல்தான் பெரும்பகுதி போனது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இந்தச் சிரமத்தைக் கேம் தயாரிப்பவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது சுவாரசியமானது. ஒரே பொருளைப் பல இடங்களில் நகல் எடுத்து வைத்துவிடுவார்கள், முனை தூரம் போக வேண்டாமல் பக்கத்திலேயே கிடைக்கட்டும் என்று. பிளேஸ்டேஷன் 5 வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச் உரையில், தெருவோரத் தபால் பெட்டி போன்ற பொருள்களின் டேட்டா ஒரே கேமில் 400 தடவைவரை நகலாக இருப்பதுண்டு என்று விளக்கினார். ஹெல்டைவர்ஸ் 2 கேமின் பிசி பதிப்பு இப்படித்தான் 154 ஜிபிவரை வீங்கியது. 2025 இறுதியில் நகல்களை நீக்கியபோது அது 23 ஜிபிக்கு இறங்கிவிட்டது! அதற்குப் பிறகு ஹார்ட் டிஸ்க்கில் ஆடுபவர்களுக்கு லோடிங் சில விநாடிகள்தான் கூடியது. காரணம், அந்த கேமில் லோடிங் நேரத்தின் பெரும்பகுதியை லெவலை உருவாக்கும் கணக்குதான் எடுத்துக்கொள்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது இருக்கிறது. லோடிங் என்றாலே டிஸ்க் வேலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜிடிஏ ஆன்லைன் பல வருடம் நிமிடக் கணக்கில் லோட் ஆகிக்கொண்டிருந்தது, எஸ்எஸ்டி வைத்திருந்தவர்களுக்கும்தான். 2021-இல் ஒரு புரோகிராமர் உள்ளே தோண்டிப் பார்த்தார். கேமுக்குள் இருக்கும் கடையில் விற்கும் பொருள்களின் பட்டியல், சுமார் 10 எம்பி எழுத்துக் கோப்பு. அதில் ஏறக்குறைய 63,000 பொருள்கள். அதைப் படித்துப் பிரிக்கிற நிரல் ஒவ்வொரு பொருளுக்கும் கோப்பின் நீளத்தைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் அவர் கணினியில் லோடிங் சுமார் 70 சதவீதம் குறைந்தது. கேமைத் தயாரித்த ராக்ஸ்டார் நிறுவனமும் அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் திருத்தம் வெளியிட்டது. எவ்வளவு வேகமான டிரைவ் வாங்கியிருந்தாலும் அந்த நேரம் குறைந்திருக்காது. புது கேமில் முதல் தடவை வெடிப்போ மாயாஜாலமோ வரும்போது மட்டும் ஒரு திக்கல் வந்தால், அதுவும் பெரும்பாலும் ஷேடர் (ஒளி, நிறம், எஃபெக்ட் வரையும் சிறு நிரல்) அந்த நேரத்தில் கம்பைல் ஆவதால் வருவது. டிரைவ் மேல் பழி போடாதீர்கள்.

ஆகவே மாற்றுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு கேமை ஓட்டுங்கள், முடிந்தால் இரண்டாவது திரையில் பார்த்துக்கொண்டே. திக்கும் நேரத்தில் கேம் இருக்கும் டிஸ்க்கின் ஆக்டிவ் டைம் 100 சதவீதத்தைத் தொட்டு நின்றால் அந்த கேம் எஸ்எஸ்டிக்குப் போக வேண்டியதுதான். டிஸ்க் சும்மா இருக்கிறது, பிராசஸரின் ஒரு கோர் மட்டும் உச்சத்தில் நிற்கிறது என்றால் மாற்றிப் பயன் குறைவு. (சிபியு வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து லாஜிக்கல் பிராசஸர்ஸ் என்று மாற்றினால்தான் கோர் கோராகத் தெரியும்.) உங்கள் கணினியில் ரேம் 8 ஜிபிதான் என்றால் பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் டிரைவில் பயன்படுத்தும் கோப்பு) எந்த டிரைவில் இருக்கிறது என்றும் பாருங்கள். அது ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் கேம் எங்கே இருந்தாலும் திணறும்.

எதை முதலில் மாற்றுவது என்றால், இப்போது தினமும் ஆடுகிற ஓப்பன் வேர்ல்டு கேம். அடுத்தது அடிக்கடி பெரிய அப்டேட் வரும் ஆன்லைன் கேம். ஸ்டீம் அப்டேட்டில் டவுன்லோட் சிறியதாக இருந்தாலும், பல ஜிபி அளவுள்ள பொதிக் கோப்பை டிஸ்க்கில் மறுபடி எழுத நேரிடும். ஹார்ட் டிஸ்க்கில் அந்த வேலைக்கே நிறைய நேரம் போய்விடும். 2டி கேம்கள், பழைய கேம்கள், முடித்துவிட்டு வைத்திருப்பவை எல்லாம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஸ்டார்ஃபீல்டு போன்றவை குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி வேண்டும் என்கின்றன. சைபர்பங்க் 2077 வெளிவந்தபோது மெதுவான ஹார்ட் டிஸ்க்குக்கென்று ஒரு செட்டிங்கே இருந்தது, 2023-இல் அதன் குறைந்தபட்சத் தேவையும் எஸ்எஸ்டி ஆகிவிட்டது.

புதிதாக இன்னொரு எஸ்எஸ்டி வாங்க நினைத்தால், கேமுக்காக மட்டும் மிக வேகமான மாடலைத் தேட வேண்டாம். சாட்டா என்ற பழைய இணைப்பில் வரும் எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பியோடு நின்றுவிடும், பிசிஐஇ 4.0 இணைப்பில் வரும் வேகமான என்விஎம்இ வகை 7000 எம்பியைத் தொடும். ஆனால் இன்றைய பெரும்பாலான கேம்களில் இரண்டுக்கும் லோடிங் வித்தியாசம் ஓரிரு விநாடிதான், ஏனென்றால் வந்த டேட்டாவை விரித்துத் தர பிராசஸர் எடுக்கும் நேரம் அப்படியே இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் டைரக்ட்ஸ்டோரேஜ் என்ற தொழில்நுட்பம் இதை மாற்றுவதற்காக வந்ததுதான். 2023-இல் ஃபர்ஸ்போக்கன் அதைப் பயன்படுத்திய முதல் பிசி கேமாக வந்தது. அதன்பிறகும் அதைப் பயன்படுத்தும் கேம்கள் குறைவு. என் தேர்வு எப்போதும் வேகத்தைவிட கொள்ளளவுதான்: அதே காசுக்கு 1 டிபி வேகமானதா, 2 டிபி சாதாரணமானதா என்றால் 2 டிபி. வாங்குமுன் மதர்போர்டு கையேட்டைப் பார்த்துவிடுங்கள். எம்.2 ஸ்லாட் (மதர்போர்டிலேயே சின்ன எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) சிலவற்றில் சாட்டா வகை வேலை செய்யாது, சில போர்டுகளில் எம்.2 போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும்.

அடிக்கடி மாற்றினால் தேய்ந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். 1 டிபி டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் வகை) எஸ்எஸ்டிக்கு வழக்கமாக 600 டிபி எழுதும்வரை உத்தரவாதம் உண்டு. 100 ஜிபி கேமை 6000 தடவை இன்ஸ்டால் செய்தால்தான் அந்த எல்லை வரும். ஆடும்போது நடப்பது பெரும்பாலும் படிப்பது, அது தேய்மானக் கணக்கில் வராது. நிரம்பி வழிய விடாமல் பத்துப் பதினைந்து சதவீதம் காலியாக வைத்திருங்கள், இல்லையென்றால் எழுதும் வேகம் விழும்.

மாற்றுவதற்கு மறுபடி டவுன்லோட் தேவையில்லை. ஸ்டீமில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் போய் எஸ்எஸ்டியைச் சேர்த்துவிட்டு, கேமின் ப்ராப்பர்ட்டீஸில் இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் பக்கத்தில் மூவ் இன்ஸ்டால் ஃபோல்டரை அழுத்தினால் போதும். சேவ் கோப்புகள் பெரும்பாலும் டாக்குமென்ட்ஸ் அல்லது ஆப்டேட்டா ஃபோல்டரில் தனியாக இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. கேம் ஃபோல்டருக்குள்ளேயே சேவ் வைக்கும் பழைய கேம் ஏதாவது இருந்தால் மட்டும் முதலில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.