எந்த வாசல் வழியே நுழைகிறீர்கள்? செவிலியர் படிப்பு, சம்பளம், பதவி உயர்வு: வாசகர் கேள்வி-பதில்

செவிலியர் பணி குறித்த கேள்விகளை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சம்பளத்தைப் பற்றியவை. அரசு மருத்துவமனைகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற எனக்கு இதில் வியப்பேதும் இல்லை.

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவில் தேர்ச்சி பெற்றிருக்கிறாள். ஜி.என்.எம். என்ற பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள், பி.எஸ்சி. நர்சிங் பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள் என்கிறார்கள். எதைப் படித்தாலும் ஆஸ்பத்திரியில் ஒரே சம்பளம்தான் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எதில் சேர்ப்பது?
— ஒரு தாய், ஒட்டன்சத்திரம்

பதில்: உங்கள் உறவினர் சொல்வது வேலையில் சேரும் முதல் நாளுக்கு மட்டும் உண்மை. சிறிய தனியார் மருத்துவமனை ஒன்றில் பட்டயம் பெற்றவரும் பட்டம் பெற்றவரும் ஒரே வார்டில், ஒரே ஷிப்டில், ஏறக்குறைய ஒரே சம்பளத்திற்கு வேலை பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பத்தாண்டு கழித்து அந்த இருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தால் வேறுபாடு தெரியும். பட்டப் படிப்பை முடித்தவர் ஓராண்டு அனுபவத்துடன் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கலாம், கல்லூரியில் ஆசிரியராகலாம், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென்றே வந்துள்ள இரண்டாண்டு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் சேரலாம். பட்டயம் பெற்றவர் இந்த இடத்திற்கு வர வேண்டுமானால், முதலில் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யை முடிக்க வேண்டும். ஆக, இப்போது ஓராண்டை மிச்சப்படுத்துபவர் பின்னால் இரண்டு ஆண்டுகளைக் கொடுக்கிறார்.

உங்கள் மகள் உயிரியல் படித்திருப்பதால், அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் பி.எஸ்சி.யில் சேருங்கள். தனியார் கல்லூரியில் பெருங்கடன் வாங்கித்தான் சேர வேண்டும் என்ற நிலை வந்தால், அரசு செவிலியர் பயிற்சிப் பள்ளியில் ஜி.என்.எம். இடம் கிடைக்குமா என்று பாருங்கள். முதல் சில ஆண்டுகளின் சம்பளத்தைக் கொண்டு பெரிய கல்விக் கடனை அடைப்பது எளிதன்று.

இன்னொன்று, கல்லூரியின் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அதற்குச் சொந்த மருத்துவமனை உண்டா, அதன் படுக்கைகளில் உண்மையிலேயே நோயாளிகள் இருக்கிறார்களா என்று ஒரு பிற்பகல் நேரில் சென்று பாருங்கள். பொம்மைக்கு மட்டுமே ஊசி போட்டுப் பழகி வந்த பெண்கள், நோயாளியின் கையைப் பிடித்ததும் நடுங்கி நின்றதை வார்டில் பலமுறை கண்டிருக்கிறேன். 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கிய காலத்திலிருந்து இந்தப் படிப்பு நோயாளியின் படுக்கையருகேதான் கற்பிக்கப்பட்டு வருகிறது. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் டெல்லியிலும் பட்டப் படிப்பு வந்த பிறகும் அந்த முறை மாறவில்லை.

கேள்வி: நான் ஜி.என்.எம். முடித்து ஆறு ஆண்டுகளாகத் தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். எண்பது படுக்கைகள் உள்ள மருத்துவமனை. சம்பளம் 14,000 ரூபாய். இரவுப் பணியில் நான் ஒருத்தியே பதினைந்து நோயாளிகளைப் பார்க்கிறேன். செவிலியருக்கு 20,000 ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாகத் தோழிகள் சொல்கிறார்கள். அது உண்மையா?
— ஒரு செவிலியர், திருப்பூர்

பதில்: உங்கள் தோழிகள் கேள்விப்பட்டதில் உண்மையும் இருக்கிறது, பிழையும் இருக்கிறது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில், 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், தனியார் மருத்துவமனைச் செவிலியரின் சம்பளத்தையும் பணி நிலைமையையும் ஆராய ஒரு குழுவை அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. தொகையை நீதிமன்றம் நிர்ணயிக்கவில்லை. பரிந்துரைத்தது அந்தக் குழுதான்.

அந்தப் பரிந்துரை மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டது. 200 படுக்கைகளுக்கு மேல் இருந்தால் அதே நிலையிலுள்ள மாநில அரசுச் செவிலியரின் சம்பளத்தையே தர வேண்டும். 100-க்கு மேல் இருந்தால் அதைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் குறைவு இருபத்தைந்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 50 படுக்கைகளுக்கும் குறைவான இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. தோழிகள் சொல்லும் 20,000 ரூபாய் இந்தக் கடைசிப் படிக்கு உரியது. உங்கள் மருத்துவமனைக்கு எண்பது படுக்கைகள் இருப்பதால், உங்களுக்கு உரிய தொகை அரசுச் செவிலியரின் சம்பளத்தில் குறைந்தது முக்கால் பங்கு. அதனோடு உங்கள் 14,000 ரூபாயை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் பரிந்துரை வேறு, சட்டம் வேறு. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், மாநில அரசு தனியாக ஆணை பிறப்பித்தால்தான் அது மருத்துவமனை உரிமையாளரைக் கட்டுப்படுத்தும். கேரளத்தில் அது நடந்தது. அங்குள்ள தனியார் செவிலியர்கள் சங்கமாகத் திரண்டு பல மாதங்கள் போராடினார்கள். மாநில அளவிலான வேலைநிறுத்தம் தொடங்கவிருந்த வேளையில், 2018 ஏப்ரலில் அந்த அரசு செவிலியரின் அடிப்படைச் சம்பளத்தை 20,000 ரூபாயாக அறிவித்தது. மருத்துவமனை நிர்வாகங்கள் எதிர்த்தாலும் அறிவிப்பு வந்துவிட்டது. நம் செவிலியரின் படிப்போ உழைப்போ கேரளச் செவிலியருடையதைவிடக் குறைந்ததன்று. சங்கமாகச் சேர்வதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம் என்பது என் கருத்து. இதைச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட தொழில்களில் மருத்துவமனைகளும் நர்சிங் ஹோம்களும் அடங்கும் என்பதால், நடப்பு ஆணையின்படி உங்களுக்கு உரிய தொகை எவ்வளவு என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. ஆகிய மூன்றும் முறையாக நடக்கின்றனவா என்று பாருங்கள். ஆறு ஆண்டுக்கும் அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்கி வையுங்கள். இரவில் ஒருவரே பதினைந்து பேரைப் பார்ப்பதைப் பொறுத்தவரை, இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோலின்படி பொது வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் இருக்க வேண்டும். அது நடைமுறைக்கு வந்தால் உங்கள் வார்டுக்கு இன்னும் இருவரை வேலைக்கு எடுக்க வேண்டியிருக்கும். நிர்வாகம் அந்த அளவுகோலைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை.

கேள்வி: அரசு வேலை என்று நம்பி எம்.ஆர்.பி. தேர்வு எழுதினேன். தொகுப்பூதியத்தில்தான் நியமனம் என்கிறார்கள். சேரலாமா?
— வாசகி, அறந்தாங்கி

பதில்: சேரலாம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு சேருங்கள். 2015-இல் எம்.ஆர்.பி. எனப்படும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு நடத்தி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரை எடுத்தபோது கொடுத்த தொகுப்பூதியம், அதாவது படிகள் சேராத மொத்தச் சம்பளம், மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் காலமுறை ஊதியம், அதாவது நிரந்தரப் பணியாளருக்கு உரிய சம்பளம், கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு சேர்ந்தவர்கள், அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் போராட்டத்தில் அமர்ந்தார்கள். தொகை பின்னர் 14,000 ஆகி, 18,000 ஆனது. காலியிடம் உருவாக உருவாகப் பகுதி பகுதியாகக் காலமுறை ஊதியத்திற்கு மாற்றுகிறார்கள் என்பதால், அந்த வரிசை நகர்வது மிக மெதுவாகத்தான். கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட செவிலியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் நீட்டிக்கப்படாமல் போனதையும் நினைவில் வையுங்கள். நியமன ஆணையைப் பெற்றதும், அது தேர்வு வாரியத்தின் வழி வந்ததா, தற்காலிகப் பணியாளரை எடுக்கும் மாவட்ட நலச் சங்கத்தின் வழி வந்ததா என்று முதல் பத்தியிலேயே பாருங்கள். பார்க்கும் வேலை ஒன்றாக இருந்தாலும் பின்னாளில் கிடைக்கும் உரிமை அந்தப் பத்தியைப் பொறுத்தே அமையும்.

கேள்வி: நான் ஆண். பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு படிக்கிறேன். ஆண்களுக்கு எதிர்காலம் உண்டா? பதவி உயர்வு எப்படி?
— வாசகர், சேலம்

பதில்: உண்டு, ஆனால் வாசல் குறுகியது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்காக 2020-இலிருந்து நடைபெறும் நார்செட் பொதுத் தேர்வில் எண்பது விழுக்காடு இடங்கள் பெண்களுக்கும் இருபது விழுக்காடு ஆண்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. பி.எஸ்சி. முடித்தவர் நேரடியாக எழுதலாம், ஜி.என்.எம். முடித்தவருக்கு ஐம்பது படுக்கைகளாவது உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு முப்பது என்பதால் காலம் தாழ்த்தாதீர்கள்.

அங்கே நர்சிங் ஆபீசர் எனப்படும் செவிலியரின் தொடக்க அடிப்படை ஊதியம், ஏழாவது ஊதியக் குழுவின்படி, 44,900 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, நர்சிங் படி ஆகியவை தனி. அடுத்து சீனியர் நர்சிங் ஆபீசர் 47,600, துணை நிலைக் கண்காணிப்பாளர்கள் 53,100, 56,100 என்று ஏறி, கண்காணிப்பாளர் பதவியில் 67,700-இல் தொடங்கும். ஏணி இருந்தாலும் படிகளுக்கு இடையே இடைவெளி அதிகம். மேலே இடம் காலியானால்தான் கீழே இருப்பவர் ஏற முடியும். நான் ஒரே பதவியில் பதினேழு ஆண்டுகள் இருந்தேன். அதற்குள் என்னிடம் பயிற்சி பெற்ற டாக்டர்கள் துறைத் தலைவர்களாகிவிட்டார்கள்.

கேள்வி: வளைகுடா நாடு ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடியவில்லை என்று கூறி இப்போதைய மருத்துவமனை என் அசல் சான்றிதழ்களைத் தர மறுக்கிறது. ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். என்ன செய்வது?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: முதலில் ஏஜென்டிடம் பணம் கட்டுவதை நிறுத்துங்கள். பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு ரசீதும் தர வேண்டும். மேலும், வளைகுடா நாடுகள் போன்ற, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் பொறுப்பு 2015 முதல் அரசு நிறுவனங்களுக்கே தரப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். உங்களுக்கு வந்த வேலைவாய்ப்பு உண்மையானதுதானா என்று அங்கேயே விசாரிக்கலாம்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, இத்தனை காலம் வேலை பார்த்தே தீர வேண்டும் என்று எழுதி வாங்கும் பாண்ட் முறை கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சில் 2011-லேயே சொல்லிவிட்டது. கல்விச் சான்றிதழ் பணத்திற்கு ஈடாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் பண்டமன்று என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாடு. எனவே சான்றிதழ்களைக் கோரி நிர்வாகத்திற்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த பதினைந்து நாளில் பதில் வராவிட்டால், அதன் நகலுடன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். பெண்களுக்கு அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம்.