வயல் வட்டைக் காவலுக்கு எந்த லைட் வாங்கலாம்?

மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பெரும்போகத்தில் யானைக்கும் பன்றிக்கும் பயந்து நானும் அண்ணனும் இரவில் வட்டையில் காவல் இருக்கிறோம். இடைக்கிடை வாவியில் இறால் பிடிக்கவும் போவேன். கடையில் ஒரு ஹெட் லைட் காட்டினார்கள். பெட்டியில் 10000 லூமன், 9900 மில்லிஅம்பியர் பற்றரி என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா? எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதுமா?"

அதை வாங்க வேண்டாம். பெட்டியில் உள்ள இரண்டு எண்களும் நடக்காத கதை.

அந்த லைட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் 18650 என்கிற லித்தியம் பற்றரி. 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். இந்த அளவில் நல்ல கம்பனிப் பற்றரிகூட 3500 மில்லிஅம்பியர் மணி (பற்றரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு, கடையில் சுருக்கமாக மில்லிஅம்பியர் என்பார்கள்) அளவில்தான் நிற்கும். 9900 என்று எழுதியிருந்தால் எழுதியவர் பொய் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். உண்மையானது 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். அதைவிட நன்றாகக் குறைந்தால் உள்ளே சரக்கு இல்லை.

அடுத்தது லூமன். லைட் மொத்தமாக வெளியே விடும் வெளிச்சத்தின் அளவு அது. நல்ல எல்.ஈ.டி ஒன்று ஒரு வாட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 100 லூமன் தரும். அப்படியென்றால் 10000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். 3500 மில்லிஅம்பியர் மணி பற்றரியில் இருப்பதோ ஏறக்குறைய 12.6 வாட் மணி, அதாவது 12.6 வாட்டை ஒரு மணித்தியாலம்தான் தரும். 100 வாட் இழுத்தால் ஏழெட்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதற்கு முன்பே லைட் நெற்றியைச் சுட்டுவிடும். அதே பற்றரியில் 200 லூமன் வைத்தால் ஆறு மணித்தியாலம் வரை எரியும். காவலுக்குத் தேவை இந்த ஆறு மணித்தியாலம்தான்.

பெட்டியில் எரியும் நேரம் போட்டிருந்தால் அதையும் அப்படியே நம்பாதீர்கள். பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுமுறையில், வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததன் பத்தில் ஒரு பங்காக மங்கும் வரைக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பார்கள். "8 மணித்தியாலம்" என்பதில் பாதி நேரம் மங்கல் வெளிச்சமாக இருக்கலாம்.

சரி, என்ன வாங்குவது? என் பதில், ஒரு பெரிய லைட்டுக்குப் பதில் இரண்டு நடுத்தர லைட். காலடியைக் காட்ட ஒன்று, தூரத்தைக் காட்ட ஒன்று. இந்த இரண்டு வேலையையும் ஒரே லைட்டிடம் கேட்டால் இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்யும்.

காலடிக்கு ஹெட் லைட். 100 முதல் 200 லூமன் தாராளம். வெளிச்சம் ஒரு புள்ளியில் குவியாமல் அகலமாக விரிய வேண்டும். வரம்பில் கண்ணாடி விரியன் கிடந்தால் நீங்கள் கால் வைப்பதற்கு இரண்டு எட்டு முன்பே தெரிய வேண்டும். இரண்டு கையும் சும்மா இருப்பதால் வரம்பில் வழுக்கினாலும் பிடித்துக்கொள்ளலாம். மஞ்சள் சாயலுள்ள வெளிச்சமாகப் பார்த்து எடுங்கள். நீல வெள்ளையைவிட அதற்குப் பூச்சி குறைவாக வரும்.

தூரத்துக்குக் கை டோர்ச். இங்கே லூமனைப் பார்க்காதீர்கள், கெண்டெலா என்ற எண்ணைத் தேடுங்கள். ஒளிக்கதிர் எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதைச் சொல்லும் எண் அது. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீற்றரில் தூரம் வரும். 10000 கெண்டெலா என்றால் 200 மீற்றர், 22500 என்றால் 300 மீற்றர். ஆனால் அந்தத் தூரத்தின் முடிவில் விழுவது முழுநிலா வெளிச்சம் அளவுதான். நிற்பது யானையா பற்றையா என்று பிரித்துப் பார்க்க, அந்தத் தூரத்தில் அரைவாசியை மட்டும் நம்புங்கள். ஆகவே 300 மீற்றர் டோர்ச் உங்களுக்குப் பொருத்தம். இது அண்ணன் கையில் இருக்கட்டும்.

கண் மினுங்கும் என்று காத்திருக்க வேண்டாம். மாடு, நாய், மான் போன்றவற்றின் கண் வெளிச்சத்தில் மினுங்கும். பன்றியின் கண்ணில் அப்படித் திருப்பி அனுப்பும் படலம் இல்லை. அதனால் உருவத்தையும் அசைவையும்தான் தேட வேண்டும். யானையைப் பொறுத்தவரை, லைட் அதை விரட்டுகிற ஆயுதம் இல்லை. அது எங்கே நிற்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்து நீங்கள் விலகுவதற்கான நேரத்தைத் தருவது மட்டுமே அதன் வேலை. லைட்டை அடித்துக்கொண்டு கிட்டப் போகாதீர்கள். தயவுசெய்து இதை அண்ணனுக்கும் சொல்லுங்கள்.

வாடிக்குள், அதாவது காவல் குடிசைக்குள், இருக்கும்போது சிவப்பு வெளிச்சம் அல்லது மிகக் குறைந்த வெளிச்சம் போதும். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். ஒரு தரம் பளிச்சென்று அடித்தால் அந்தப் பழக்கம் போய்விடும்.

மார்கழி, தை மாதங்களில் மழையும் பனிமூட்டமும் இருக்கும். நெற்றியிலிருந்து போகும் வெளிச்சம் பனித்துளியில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பி வந்து முன்னால் வெள்ளைத் திரை போட்டுவிடும். அந்த நேரம் ஹெட் லைட்டைக் கழற்றி இடுப்பு மட்டத்தில் பிடியுங்கள், பாதை தெரியும். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது ஐ.பி.எக்ஸ் என்ற தரம். மழைச் சாரலுக்கு ஐ.பி.எக்ஸ் 4 போதும். வாவிக்கும் கொண்டுபோகப் போகிறீர்கள் என்பதால் ஐ.பி.எக்ஸ் 7 எடுங்கள். ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது என்பதே அதன் பொருள். முன்தலையை இழுத்துச் சுருக்கும் சூம் டோர்ச்சுகளில் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

வாவியில் இறங்கும் முன் ஹெட் லைட்டை நெற்றியிலேயே வைத்துத் தண்ணீர் மட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். முதலையின் கண் செம்மஞ்சளாக மினுங்கும். அந்த ஒளி வந்த வழியே திரும்புவதால், லைட் உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். இடுப்பில் பிடித்தால் தவறவிடலாம். மினுக்கம் கண்டால் அன்றைக்கு இறங்க வேண்டாம். இறால் பார்க்கும்போது மட்டும் லைட்டைத் தாழ்த்திச் சரிவாகப் பிடியுங்கள், கலங்கல் தண்ணீரிலிருந்து கண்ணுக்குத் திரும்பும் வெளிச்சம் குறையும். வீட்டுக்கு வந்ததும் சார்ஜ் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். வாவியின் உப்பு சார்ஜ் துளையையும் பற்றரி முனையைத் தொடும் சுருளையும் அரித்துவிடும்.

பற்றரி கழற்றி மாற்றக்கூடிய லைட்டாகவே வாங்கி, இரண்டுக்கும் ஒரே அளவு பற்றரி வருகிற மாதிரிப் பாருங்கள். மேலதிகமாக ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருங்கள். காசோ சாவியோ கிடக்கும் சட்டைப்பையில் வெறுமனே போட்டால் இரண்டு முனையும் தொடுபட்டுத் தீப்பிடிக்கலாம். சிறிய சோலார் தகடு வாங்கும் யோசனை இருந்தால் அதைச் சிறுபோகத்துக்கு வையுங்கள். மாரி மப்பில் அதை நம்பிப் போக முடியாது.