புதுத் தொட்டி, தெளிந்த தண்ணீர்: மீன் விடலாமா?

கேள்வி: 100 லிட்டர் தொட்டி. பத்து நாளாக ஃபில்டர் ஓடுகிறது. தண்ணீர் நல்ல தெளிவாக இருக்கிறது, டி.டி.எஸ். மீட்டர் 180 காட்டுகிறது. மீன் விடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். மீனைக் கொல்லும் அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கிடையாது. தொட்டியில் இருக்கும் சிறிய அளவில் வாடையும் தெரியாது. டி.டி.எஸ். மீட்டர் சொல்வது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தக் கணக்கை மட்டுமே. அந்த 180-ல் எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு அம்மோனியா என்று பிரித்துச் சொல்ல அதனால் முடியாது.

இன்னொரு விஷயம்: வெறும் தண்ணீரில் ஃபில்டர் பத்து நாள் ஓடினாலும் ஒரு மாதம் ஓடினாலும் ஒன்றுதான். அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுவது ஒரு வகை பாக்டீரியா. நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது இன்னொரு வகை. இவை ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் ஒட்டி வளர வேண்டுமானால் சாப்பாடு வேண்டும். அதற்கு அம்மோனியம் குளோரைடு தூளே சுத்தமான வழி. 100 லிட்டருக்கு 0.6 கிராம் போட்டால் அம்மோனியா சுமார் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். மணலும் கல்லும் போட்ட 100 லிட்டர் தொட்டியில் உண்மையில் 85 லிட்டர்தான் பிடிக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தூளைக் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து டெஸ்ட் செய்து பாருங்கள். 5 பிபிஎம்-ஐத் தாண்ட விடாதீர்கள். அதிகமானால் பாக்டீரியா வளர்ச்சியே மந்தமாகும். மீன் உணவை அழுக விடும் பழைய முறையிலும் வேலை நடக்கும். ஆனால் எவ்வளவு அம்மோனியா வந்தது என்று கையில் கணக்கு இருக்காது.

கேள்வி: எதை, எப்போது டெஸ்ட் செய்ய வேண்டும்? தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் போதுமா?

பதில்: முதலில் குழாய்த் தண்ணீரையே டெஸ்ட் செய்யுங்கள். பலர் விட்டுவிடும் இடம் இது. பி.எச். (அமில-கார அளவு) மட்டும் உடனே பார்க்காமல், ஒரு பாத்திரத்தில் பிடித்து 24 மணி நேரம் வைத்துப் பாருங்கள். குழாயிலிருந்து வரும் நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிய பிறகுதான் உண்மையான அளவு தெரியும்.

பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை அம்மோனியா. அது இறங்கத் தொடங்கியதும் நைட்ரைட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை பி.எச்., அது சரியாமல் தாங்கும் கே.எச். (கார்பனேட் அளவு). எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு நாள் அளவை விட, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே முக்கியம். பாக்டீரியா முழுதாக வளர்ந்து முடிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். தண்ணீர் 26–28 டிகிரியில் இருந்தால் சீக்கிரம் நடக்கும்.

ஸ்ட்ரிப்பில் 0-வுக்கும் 0.5-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்; பல ஸ்ட்ரிப்களில் அம்மோனியாவுக்குக் கட்டமே இருக்காது. சொட்டு மருந்து கிட் வாங்குங்கள். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். டெஸ்ட் செய்யும் கண்ணாடிக் குழாயை விரலால் மூடிக் குலுக்காமல் அதன் மூடியைப் போடுங்கள். தோலில் இருப்பதும் தண்ணீரில் கலந்துவிடும். நிற அட்டையைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள்.

கேள்வி: அம்மோனியா 0, நைட்ரைட் 0. ஆனால் நைட்ரேட்டும் 0. கிட் கெட்டுப்போனதா?

பதில்: பெரும்பாலும் கிட் கெட்டிருக்காது, குலுக்கியது போதாது. நைட்ரேட் டெஸ்டின் இரண்டாவது குப்பியில் இருப்பது திரவத்தில் கரையாத பொடி. அது அடியில் படிந்து கட்டியாகிவிடும். குப்பியை மேசை விளிம்பில் இரண்டு தட்டு தட்டி, 30 விநாடி பலமாகக் குலுக்கிவிட்டுச் சொட்டு விடுங்கள். பிறகு கண்ணாடிக் குழாயை ஒரு முழு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மஞ்சளாகவே நின்றது ஆரஞ்சாக மாறும்.

அப்போதும் 0 என்றால், தொட்டியில் செடி நிறைய இருக்கிறதா? அம்மோனியாவைச் செடிகளே எடுத்துக்கொண்டிருக்கலாம். செடி இல்லாமல் மூன்றும் 0 என்றால், நீங்கள் அம்மோனியா போட்டதே போதவில்லை. ஒத்துப்பார்க்க ஒரு கணக்கு: 2 பிபிஎம் அம்மோனியா முழுதாக மாறினால் சுமார் 7 பிபிஎம் நைட்ரேட் கிடைக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு வாரமாக நைட்ரைட் கரும் ஊதாவிலேயே நிற்கிறது. இறங்குகிறதா, இல்லையா?

பதில்: அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2 பிபிஎம் அம்மோனியாவிலிருந்து 5 பிபிஎம்-க்கும் மேல் நைட்ரைட் வரும். பல அட்டைகள் 5-லேயே முடிந்துவிடும். அதனால் நைட்ரைட் 20-லிருந்து 8-க்கு இறங்கினாலும் உங்களுக்கு அதே ஊதாதான் தெரியும். ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து டெஸ்ட் செய்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். இந்தக் கட்டத்தில் நைட்ரேட் அளவை நம்பாதீர்கள். அந்த டெஸ்ட் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் அளக்கிறது. ஏற்கெனவே இருக்கும் நைட்ரைட்டும் கணக்கில் ஏறிவிடும்.

பாதித் தண்ணீரைத் தாராளமாக மாற்றலாம். பாக்டீரியா ஒட்டியிருப்பது ஸ்பாஞ்சில், தண்ணீரோடு போய்விடாது. புதுத் தண்ணீரில் குளோரினை நீக்கும் மருந்தைப் போட மறக்க வேண்டாம். நைட்ரைட் இறங்கும்வரை அம்மோனியாவை 1 பிபிஎம் ஆகக் குறைத்து, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை மட்டும் போடுங்கள்.

கேள்வி: ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். நன்றாக இறங்கிக்கொண்டிருந்த அம்மோனியா திடீரென்று நின்றுவிட்டது.

பதில்: கே.எச். பாருங்கள், பூஜ்யமாகத்தான் இருக்கும். அம்மோனியா மாறும்போது அமிலம் உண்டாகிறது. அதைத் தாங்கிக்கொள்வது கே.எச். அது தீர்ந்தால் பி.எச். சரிந்து, 6.5-க்குக் கீழே பாக்டீரியா மந்தமாகி, 6-ஐ ஒட்டி ஏறக்குறைய நின்றுவிடும். கே.எச். டெஸ்டில் 5 மி.லி. தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக எண்ணி விட வேண்டும். நீலம் மஞ்சளாகும் சொட்டின் எண்ணே டிகிரி. 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா ஒரு டிகிரி கூட்டும். மீன் இல்லாதபோது 4 டிகிரி வரை ஏற்றலாம். மீன் இருக்கும் தொட்டியில் ஒரே நாளில் இப்படிச் செய்யாதீர்கள்: பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் விஷப் பங்கு சுமார் பத்து மடங்காகும்.

கேள்வி: குழாய்த் தண்ணீரிலேயே அம்மோனியா 0.5 காட்டுகிறதே?

பதில்: சில இடங்களில் குளோரினுக்குப் பதில், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலக்கிறார்கள். வெறுமனே பிடித்து வைத்தால் போகாது. குளோரினை நீக்கும் மருந்தைப் போட்டால் உடைந்து அம்மோனியாவை விட்டுச்செல்லும். தயாரான ஃபில்டர் அதைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும்.

கேள்வி: கடைசி டெஸ்ட் எது?

பதில்: 2 பிபிஎம் அம்மோனியா போடுங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆக வேண்டும். நைட்ரைட் 0.25 இருந்தாலும் இன்னும் சில நாள் பொறுங்கள். தேறிவிட்டால் முக்கால்வாசித் தண்ணீரை மாற்றி, நைட்ரேட் 20 பிபிஎம்-க்குக் கீழே வந்ததா என்று பார்த்துவிட்டு, மறுநாளே மீன் விடுங்கள். பட்டினியில் ஒரு வாரம் விட்டால் பாக்டீரியா குறைந்துபோகும். மீன் விட்ட முதல் வாரம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் தினமும் பாருங்கள், எதுவும் 0.5 காட்டினால் அன்றே பாதித் தண்ணீரை மாற்றி, தீனியைக் குறையுங்கள்.