பாலி டிக்கெட்டை ரத்து செய்யணுமா? நிலநடுக்க ஆப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள்

கேள்வி: குடும்பத்தோடு பாலியும் லோம்போக்கும் போகப்போகிறோம். போனில் நிலநடுக்க ஆப் போட்டதிலிருந்து இந்தோனேசியா பெயர் தினமும் வந்துகொண்டே இருக்கிறது. ரத்து செய்துவிடலாமா? எரிமலை வெடிக்கப்போவது முன்கூட்டியே தெரியுமா?

ரத்து செய்ய வேண்டாம். அங்கே ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் நிலநடுக்கங்கள் பதிவாகின்றன, பெரும்பாலானவை யாருக்கும் தெரிவதே இல்லை. ஆப் எத்தனை முறை அடிக்கிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, எங்கே நடுங்குகிறது என்பதுதான் விஷயம்.

நிலநடுக்கத்தையும் சுனாமியையும் கவனிப்பது பிஎம்கேஜி என்ற இந்தோனேசிய அரசு அமைப்பு. எரிமலைகளைக் கவனிப்பது பாண்டுங் நகரில் இருக்கும் பிவிஎம்பிஜி என்ற இன்னொரு அரசு அமைப்பு. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இரண்டாவதைத்தான். மாக்மா (பூமிக்குள் உருகிய பாறைக் குழம்பு) மேலே வரும்போது பாறையை உடைத்துக்கொண்டு வருவதால் ஒரே மலைக்கு அடியில் சின்னச் சின்ன அதிர்வுகள் கொத்தாகக் கிளம்பும், மலை லேசாக உப்பும், வாயு கூடும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் ஒன்று முதல் நான்கு வரை (நான்குதான் உச்சம்) எச்சரிக்கை நிலை கொடுக்கிறார்கள், கூடவே உச்சியிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்பதையும் சொல்கிறார்கள். அந்தத் தூரத்தை மட்டும் மீறவே மீறாதீர்கள், உள்ளூர் வழிகாட்டி "பரவாயில்லை, போகலாம்" என்று சொன்னாலும் சரி.

முன்கூட்டியே தெரியுமா என்றால், ஓரளவு தெரியும், தேதி தெரியாது. 2017 செப்டம்பரில் பாலியின் அகுங் மலைக்கு அடியில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் அதிர்வுகள் வந்ததும் நான்காம் நிலைக்கு உயர்த்தினார்கள், லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வெளியேறினார்கள். அப்புறம் அதிர்வு குறைந்தது, அக்டோபர் கடைசியில் மூன்றாகக் குறைத்தார்கள், நவம்பர் 21 அன்று மலை வெடித்தது! இதைத் தோல்வி என்று சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். 1963இல் இதே மலை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது, 2017இல் மக்கள் தப்பித்ததற்கு அந்தக் கண்காணிப்பு ஒரு முக்கியக் காரணம்.

கடற்கரையில்தான் எனக்குக் கவலை அதிகம். சுனாமி எச்சரிக்கையை ஐந்து நிமிடத்துக்குள் தருவதுதான் பிஎம்கேஜியின் இலக்கு, ஆனால் 2018 செப்டம்பரில் சுலாவெசி தீவின் பாலு விரிகுடாவில் சில இடங்களுக்கு அலை வந்து சேரவே சில நிமிடங்கள்தான் ஆயின. அதனால் நடுக்கம் 20 விநாடிக்கு மேல் நீடித்தால் சைரனுக்கும் போனுக்கும் காத்திருக்காமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள். அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் கடலில் இருக்கும் அனாக் கிராகடோவா எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்து, பெரிய நடுக்கமே இல்லாமல் அலை வந்து 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடல் திடீரென உள்வாங்கினாலும் விசித்திரமாக இரைந்தாலும் அதே ஓட்டம்தான். ஹோட்டலில் சேர்ந்ததும் மேட்டுக்கு எந்த வழி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜமாகவே உங்கள் பயணம் கெட வாய்ப்புள்ளது எரிமலைச் சாம்பலால்தான். 2024 நவம்பரில் ஃப்ளோரஸ் தீவின் லெவோடோபி எரிமலை வெடித்தபோது சுமார் 800 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாலிக்கான விமானங்கள் ரத்தாயின. திரும்பும் டிக்கெட்டுக்கும் வேலைக்குப் போகும் நாளுக்கும் நடுவில் ஓரிரு நாள் விடுங்கள். பயணக் காப்பீட்டை டிக்கெட்டோடு சேர்த்து இப்போதே எடுங்கள், ஒரு மலை செய்தியில் வந்த பிறகு எடுத்த பாலிசி அந்த மலையால் வரும் ரத்துக்குப் பெரும்பாலும் பணம் தராது.